தமஸ்கு சாலையில் நடந்தது என்ன? பவுலின் மனமாற்றத்துக்கு எத்தனை கதைகள்?

இன்றைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடம், சிரியாவில் இருக்கிற தமஸ்கு நகரத்துக்குப் போகிற சாலை. ஆள், பவுல். கிறிஸ்தவர்களைத் தேடித் தேடித் துன்புறுத்திய ஒருவர், ஒரே நாளில் அந்த இயேசுவையே அறிவிக்கிற ஆளாக மாறினார் என்கிற கதை. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் ஓரளவு தெரிந்த கதைதான்.

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். இந்தக் காட்சியைக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்க. பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது என்ன? குதிரை. பவுல் குதிரையிலிருந்து விழுகிறார். இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1601-ஐ ஒட்டி வரைந்த ஓவியம் ரோமில் சாந்தா மரியா தெல் போப்போலோ தேவாலயத்தில் இருக்கிறது. அதில் பவுலைவிட குதிரைதான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் பைபிளை எடுத்துத் தேடினால், இந்தச் சம்பவத்தில் எங்கேயும் குதிரை கிடையாது. பிற்கால ஓவியர்கள் சேர்த்த குதிரை அது.

குதிரை ஒரு சின்ன விஷயம்தான். ஆனால் அது ஒன்றைக் காட்டுகிறது. நம் மனதில் இருக்கிற 'தமஸ்கு சாலைக் கதை' பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்துத் தைத்த கதை. தையலைப் பிரித்துப் பார்த்தால், புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இந்தச் சம்பவம் ஒரே மாதிரி சொல்லப்படவில்லை என்று தெரியும். சில இடங்களில் நேருக்கு நேர் மோதவும் செய்கிறது. அந்த மோதல்கள் எங்கே, ஏன் என்பதுதான் இன்றைய எபிசோட்.

முதலில், சாட்சிகள் யார்?

ஒரு வரலாற்று மாணவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. யார் சொல்கிறார்கள், எப்போது சொல்கிறார்கள்?

நமக்கு இரண்டு வகையான சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று, பவுலே எழுதிய கடிதங்கள். அவர் பெயரில் 13 கடிதங்கள் புதிய ஏற்பாட்டில் இருக்கின்றன. அதில் 7 கடிதங்களை அவர்தான் எழுதினார் என்று ஏறக்குறைய எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். கலாத்தியர், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள், பிலிப்பியர் ஆகிய நான்கும் அந்த ஏழுக்குள் வருகின்றன. நமக்கு இன்று வேண்டியதும் இந்த நாலும்தான். இவை பெரும்பாலும் கி.பி. 50-களில் எழுதப்பட்டவை.

இரண்டாவது சாட்சி, அப்போஸ்தலர் நடபடிகள் என்கிற நூல். கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் திருத்தூதர் பணிகள். இதை எழுதியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. மூன்றாவது சுவிசேஷத்தை எழுதியவரும் இவரே. மரபு அவரை லூக்கா என்று அழைக்கிறது, நாமும் அப்படியே அழைப்போம். பெரும்பாலான ஆய்வாளர்கள் இந்த நூலை கி.பி. 80-90 அளவில் வைக்கிறார்கள். அதாவது பவுலின் கடிதங்களுக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை பிந்தியது.

இதில் ஒரு ஆச்சரியம். நமக்குத் தெரிந்த சாலை, ஒளி, குரல், கண் தெரியாமல் போனது, அனனியா வந்து கை வைத்தது, இது அத்தனையும் லூக்காவின் நூலில் மட்டும்தான் இருக்கிறது. பவுலின் கடிதங்களில் இதில் ஒன்றுகூட இல்லை. தமஸ்கு என்கிற ஊர்ப்பெயர் மட்டும் வருகிறது. அதுவும் 'மறுபடியும் அங்கே திரும்பினேன்' என்கிற தொனியில், போகிற போக்கில்.

லூக்கா மூன்று முறை சொல்கிறார்

லூக்கா இந்தச் சம்பவத்தை ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொல்கிறார். 9-ஆம் அதிகாரத்தில் கதைசொல்லியாகத் தானே சொல்கிறார். 22-இல் எருசலேமில் கோபமாகக் கூடியிருக்கும் யூத மக்கள் முன்னால் பவுல் சொல்வதாக வருகிறது. 26-இல் செசரியாவில் அகிரிப்பா ராஜாவுக்கும் ரோம ஆளுநர் பெஸ்துவுக்கும் முன்னால், கைதியாக நின்று பவுல் சொல்வதாக வருகிறது.

பொதுவான எலும்புக்கூடு ஒன்றுதான். சவுல் தலைமைக் குருக்களிடம் அதிகாரம் பெற்று, இயேசுவைப் பின்பற்றுபவர்களைப் பிடிக்க தமஸ்குவுக்குப் போகிறார். ஊருக்குப் பக்கத்தில் வானத்திலிருந்து ஒளி. அவர் விழுகிறார். ஒரு குரல் அவர் பெயரை இரண்டு முறை சொல்லி அழைத்து, ஏன் என்னைத் துன்புறுத்துகிறாய் என்று கேட்கிறது. நீர் யார் என்று இவர் கேட்க, இயேசு என்று பதில் வருகிறது. இதுவரை மூன்றிலும் சரி. இதற்கு அப்புறம்தான் பிரிகிறது.

முதல் வித்தியாசம், கூட வந்தவர்கள். 9-ஆம் அதிகாரத்தில் அவர்கள் பேச்சற்று நிற்கிறார்கள், குரல் அவர்களுக்குக் கேட்கிறது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. 22-இல் அப்படியே தலைகீழ்: ஒளியைப் பார்த்தார்கள், பேசியவரின் குரல் கேட்கவில்லை. 26-இல் யாரும் நிற்கவே இல்லை, எல்லோரும் தரையில் விழுகிறார்கள்.

இரண்டாவது வித்தியாசம், பார்வை. 9-இல் மூன்று நாள் கண் தெரியவில்லை, சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. பிறகு கண்ணிலிருந்து செதில் மாதிரி ஏதோ விழுகிறது. 22-இல் ஒளியின் பிரகாசத்தால் பார்வை போனது என்று சுருக்கமாக வருகிறது. 26-இல் குருடானதே இல்லை.

மூன்றாவது வித்தியாசம், அனனியா. தமஸ்குவில் இருந்த சீடர் இவர். 9-இல் இவருக்குத் தனியாக ஒரு தரிசனம் வருகிறது, இவர் பயப்படுகிறார், தயங்குகிறார், பிறகு போகிறார். 22-இல் தரிசனம் பற்றிப் பேச்சில்லை. ஆனால் நியாயப்பிரமாணத்தின்படி பக்தியாக நடப்பவர், அங்கிருக்கிற யூதர்கள் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்தவர் என்று அறிமுகம் வருகிறது. 26-இல் அனனியா என்கிற ஆளே காணாமல் போகிறார்.

நான்காவது வித்தியாசம்தான் முக்கியமானது. யூதர் அல்லாத மக்களிடம் போ என்கிற கட்டளை பவுலுக்கு எப்போது, யார் மூலமாக வந்தது? 9-இல் அதை இயேசு அனனியாவிடம் சொல்கிறார். 22-இல் அனனியா எல்லா மனிதருக்கும் சாட்சியாக இருப்பாய் என்று கோடி காட்டுகிறார், ஆனால் வெளிப்படையான கட்டளை பின்னால், எருசலேம் ஆலயத்தில் ஜெபம் செய்யும்போது வருகிறது. 26-இல் சாலையிலேயே, விழுந்து கிடக்கும்போதே, இயேசு நேரடியாக முழு வேலையையும் ஒப்படைத்துவிடுகிறார்.

இலக்கணத்தால் தப்பிக்க முடியுமா?

குரல் கேட்டதா, கேட்கவில்லையா என்கிற முரண்பாட்டைச் சரிசெய்ய ஒரு பழைய வழி இருக்கிறது. நிறைய விளக்கவுரைகளில் பார்க்கலாம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏன்னா அதில் வேற்றுமை உருபு விவகாரம் இருக்கு, தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கிரேக்கத்தில் 'கேள்' என்கிற வினைச்சொல் 'குரல்' என்கிற சொல்லை இரண்டு வேற்றுமைகளில் ஏற்கும். ஒன்று நம் இரண்டாம் வேற்றுமை மாதிரி, இன்னொன்று ஆறாம் வேற்றுமை மாதிரி. 9:7-இல் ஆறாம் வேற்றுமை, 22:9-இல் இரண்டாம் வேற்றுமை. ஆகவே ஆறாம் வேற்றுமை வந்தால் 'சத்தம் காதில் விழுந்தது', இரண்டாம் வேற்றுமை வந்தால் 'சொன்னது புரிந்தது' என்று அர்த்தம். கூட வந்தவர்களுக்குச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை, முரண்பாடே இல்லை என்பது வாதம். சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் இதை ஏற்றுக்கொண்டு 22:9-இல் 'புரியவில்லை' என்றே போட்டுவிட்டன. நம் பழைய தமிழ் வேதாகமம் அப்படிச் செய்யவில்லை, கேட்கவில்லை என்றுதான் வைத்திருக்கிறது.

வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே கதையில் பவுல் குரல் கேட்பதற்கு லூக்கா என்ன வேற்றுமை போடுகிறார் என்று பாருங்க. 9:4-இல் இரண்டாம் வேற்றுமை. 22:7-இல் ஆறாம் வேற்றுமை. 26:14-இல் மறுபடியும் இரண்டாம் வேற்றுமை. மூன்று இடத்திலும் பவுலுக்கு வார்த்தைக்கு வார்த்தை புரிகிறது. அந்த விதி உண்மையென்றால் 22:7-இல் பவுலுக்கே ஒன்றும் புரிந்திருக்கக் கூடாது! ஆக, லூக்கா இந்த இரண்டு உருபுகளையும் பொருள் வேறுபாடு இல்லாமல் மாற்றி மாற்றிப் போடுகிறார். இலக்கணம் இந்த முரண்பாட்டைத் தீர்க்காது.

தார்க்குச்சியை உதைக்கிற மாடு

26-ஆம் அதிகாரத்தில் மட்டும் ஒரு அழகான பழமொழி வருகிறது. குரல் எபிரேய மொழியில் பேசியது என்று பவுல் சொல்கிறார். அந்தக் குரல், தார்க்குச்சியை உதைத்தால் வலி உனக்குத்தான் என்கிற பொருளில் பேசுகிறது. உழவு மாட்டை ஓட்டுகிறவர் கையில் வைத்திருக்கும், நுனியில் முள் வைத்த கம்பு. மாடு முரண்டு பிடித்துப் பின்னால் உதைத்தால் குத்துவது மாட்டின் காலைத்தான். நம் பழைய வேதாகமத்தில் 'முள்' என்றே இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னன்னா, இது கிரேக்க உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு நாடக ஆசிரியர்களான ஈஸ்கிலஸ், யூரிபிடிஸ் இருவரிடமும் இருக்கிறது. குறிப்பாக யூரிபிடிஸின் 'பாக்கே' நாடகத்தில், தெய்வத்தை எதிர்க்கிற ஒரு அரசனிடம் அந்தத் தெய்வமே மாறுவேடத்தில் வந்து இதைச் சொல்கிறது. எபிரேய மொழியில் பேசிய குரல் கிரேக்கப் பழமொழி சொல்கிறது! கேட்டுக்கொண்டிருப்பவர் யார்? கிரேக்கப் பண்பாட்டில் ஊறிய அகிரிப்பா. பக்கத்தில் ரோமர் பெஸ்து. அந்தச் சபைக்கு ஏற்ற வரி அது.

இதோடு ஒட்டி நமக்கு நேராகத் தொடர்புள்ள ஒரு விஷயம். உங்கள் வீட்டில் பழைய தமிழ் வேதாகமம் இருந்தால் 9:5-ஐத் திருப்பிப் பாருங்க. அங்கேயும் இந்த முள் வரி இருக்கும். ஆனால் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் இது இல்லை. லத்தீன் பைபிளில் இருந்தது. 1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, லத்தீனைப் பார்த்து இதைக் கிரேக்கத்தில் சேர்த்தார். அந்த அச்சுப் பதிப்பின் வழியில் வந்த பாடத்திலிருந்து மொழிபெயர்த்ததால் தமிழுக்கும் வந்துவிட்டது. மூன்று கதைகளை ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்கிற ஆசை நமக்கு மட்டும் இல்லை, பழைய காலத்தில் பிரதி எடுத்தவர்களுக்கும் இருந்தது என்பதற்கு இது சாட்சி.

ஒரே ஆசிரியர் ஏன் மாற்றிச் சொல்கிறார்?

மூன்று பேர் சொன்ன கதை மாறினால் ஆச்சரியம் இல்லை. ஒரே புத்தகத்தில், ஒரே ஆள் சொல்கிறார். அவருக்குத் தெரியாமலா மாறியிருக்கும்?

யாருக்குச் சொல்கிறார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். 22-இல் கேட்பவர்கள் யூத மக்கள். பவுல் நியாயப்பிரமாணத்துக்கு எதிரானவர் என்பதுதான் அவர்கள் குற்றச்சாட்டு. அதனால் அங்கே அனனியா ஒரு நல்ல யூதராக முன்னுக்கு வருகிறார். கட்டளையும் எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே கிடைக்கிறது. புறஜாதியார் என்கிற சொல் வாயில் வந்ததும் கூட்டம் கொந்தளித்துவிடுகிறது. 26-இல் கேட்பவர் ராஜா. அவருக்கு அனனியா யார் என்பது முக்கியம் இல்லை. ஒரு மேலான அதிகாரம் நேரடியாக ஆணையிட்டது, அதை மீற முடியுமா என்பதுதான் அங்கே வாதம். பவுல் குருடாகவில்லை, பதிலாக, மற்றவர்களின் கண்களைத் திறக்கிற வேலை அவருக்குக் கொடுக்கப்படுகிறது. உடம்பில் இருந்த குருடு, உவமையாக மாறிவிட்டது.

ஒரு விபத்தைப் பார்த்தவர் அதை வீட்டில் ஒரு மாதிரி சொல்வார், போலீஸ் ஸ்டேஷனில் வேற மாதிரி சொல்வார், இன்ஷூரன்ஸ்காரரிடம் இன்னொரு மாதிரி சொல்வார். பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. அந்தந்த இடத்துக்கு எது வேண்டுமோ அது முன்னால் வரும்.

அந்தக் கால வரலாற்று எழுத்துக்கும் இது பழக்கம்தான். பேச்சுகளை வார்த்தைக்கு வார்த்தை நினைவில் வைப்பது கடினம், அந்தச் சூழ்நிலைக்கு எது பொருத்தமோ அதைப் பேச வைத்தேன் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். லூக்காவின் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், தான் கலிலேயாவுக்கு அனுப்பப்பட்ட கதையை இரண்டு நூல்களில் சொல்கிறார். 'யூதப் போர்' நூலில் ரோமுக்கு எதிரான தளபதியாகப் போகிறார். பின்னால் எழுதிய தன் வரலாற்றில், ஆட்களை அமைதிப்படுத்த அனுப்பப்பட்ட மூவரில் ஒருவராகப் போகிறார். தன் சொந்தக் கதையே இப்படி!

இன்னொன்றும் கவனிக்கணும். மக்கபேயர் இரண்டாம் நூலில் எலியோதோர் என்கிற அரச அதிகாரி எருசலேம் ஆலயத்தின் பணத்தை எடுக்க வருகிறான். வானத்திலிருந்து வந்த குதிரைவீரன் தாக்க, தரையில் விழுகிறான், இருள் சூழ்கிறது, தூக்கிக்கொண்டு போகிறார்கள். பின்னால் தலைமைக் குருவின் பலியால் பிழைத்து, அந்தக் கடவுளின் வல்லமைக்கே சாட்சி சொல்கிறான். கடவுளின் எதிரி கீழே தள்ளப்பட்டு சாட்சியாக மாறுவது, லூக்காவின் வாசகர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான கதை வடிவம்.

பவுலே சொல்லும்போது

இப்ப முதல் சாட்சியிடம் வருவோம். கலாத்தியருக்கு எழுதிய கடிதம், முதல் அதிகாரம்.

இங்கே பவுல் கோபத்தில் எழுதுகிறார். அவர் உருவாக்கிய சபைகளுக்குள் வேறு சில போதகர்கள் வந்து, யூதர் அல்லாதவர்களும் விருத்தசேதனம் செய்துகொள்ளத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் என்ன வாதம் வைத்திருப்பார்கள் என்பதைப் பவுலின் பதிலை வைத்தே ஊகிக்கலாம்: பவுல் இதையெல்லாம் எருசலேமில் இருக்கிற மூத்தவர்களிடம்தான் கற்றார், கற்றதைச் சரியாகச் சொல்லவில்லை.

அதற்குப் பவுலின் பதில் ஒரு கால அட்டவணை. தான் அறிவிக்கும் செய்தி எந்த மனிதனிடமிருந்தும் வரவில்லை, இயேசுவின் வெளிப்பாட்டால் வந்தது. தாயின் வயிற்றிலேயே தன்னைப் பிரித்தெடுத்த கடவுள் தன் மகனைத் தன்னில் வெளிப்படுத்தினார். உடனே எந்த மனிதரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. எருசலேமுக்குப் போகவில்லை. அரேபியாவுக்குப் போனார், திரும்பத் தமஸ்குவுக்கு வந்தார். மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேம் போய், கேபா என்கிற பேதுருவோடு 15 நாள் தங்கினார். அப்போஸ்தலர்களில் வேறு யாரையும் பார்க்கவில்லை, இயேசுவின் சகோதரர் யாக்கோபைத் தவிர. இதைச் சொல்லிவிட்டு, கடவுள் முன்னிலையில் பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். அதன் பிறகும் யூதேயாவில் இருந்த சபைகளுக்குத் தன் முகமே தெரியாது என்கிறார்.

இதை லூக்காவோடு பக்கத்தில் வையுங்க. லூக்காவில் அரேபியா கிடையாது, மூன்று வருடமும் கிடையாது, 'பல நாட்கள்' என்று மட்டும் இருக்கிறது. தமஸ்குவிலிருந்து தப்பி எருசலேம் வருகிறார். சீடர்கள் பயப்படுகிறார்கள். பர்னபா அவரை அப்போஸ்தலர்களிடம் அழைத்துக்கொண்டு போகிறார். பிறகு அவர்களோடு எருசலேமில் வெளிப்படையாகப் போய்வந்து பிரசங்கிக்கிறார். முகமே தெரியாது என்பதும் இதுவும் ஒன்றாக நிற்காது.

அனனியாவையும் நினைத்துப் பாருங்க. எந்த மனிதரிடமிருந்தும் பெறவில்லை என்று சத்தியம் செய்கிற ஆளுக்கு, கை வைத்து, ஞானஸ்நானம் வாங்கச் சொன்ன ஒரு அனனியா எவ்வளவு சங்கடம்! கடிதத்தில் அவர் பெயர் இல்லாததற்கு அவர் இல்லவே இல்லை என்று அர்த்தமா, அல்லது பவுலுக்கு அந்த இடத்தில் அவரைச் சொல்ல மனமில்லை என்று அர்த்தமா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பவுலின் கடிதமும் ஒரு வாதம்தான், நடுநிலையான நாட்குறிப்பு இல்லை. இதை மறக்கக் கூடாது. லூக்காவுக்கு ஒரு நோக்கம் இருந்தது போல பவுலுக்கும் இருந்தது.

லூக்காவின் நோக்கம், சபை ஒற்றுமை. எருசலேமில் தொடங்கிய ஒரே இயக்கம் பவுல் மூலமாக ரோம் வரை போனது, நடுவில் பெரிய உடைசல் இல்லை என்று காட்டுவது. பவுலின் நோக்கம் நேர் எதிர், தன் சுதந்திரம். எருசலேமுக்குத் தான் கடன்பட்டவன் இல்லை என்று காட்டுவது. ஆகவே ஒருவர் பவுலை எருசலேமுக்கு இழுக்கிறார், இன்னொருவர் எருசலேமிலிருந்து விலகி நிற்கிறார். பவுல் கடிதத்தின் அடுத்த அதிகாரத்தில், அந்தியோகியாவில் சாப்பாட்டுப் பந்தி விஷயமாகப் பேதுருவை முகத்துக்கு நேராக எதிர்த்தேன் என்றும் எழுதுகிறார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற சண்டை. அது எவ்வளவு ஆழமானது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லூக்கா அந்தச் சண்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

இன்னொரு வித்தியாசம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், நான் நம் ஆண்டவரைப் பார்த்தவன் இல்லையா என்கிற தொனியில் கேட்கிறார். உயிர்த்தெழுந்த இயேசு யார் யாருக்குத் தோன்றினார் என்று பட்டியல் போட்டு, கடைசியாகக் காலம் தப்பிப் பிறந்த குழந்தை போன்ற தனக்கும் என்று முடிக்கிறார். பேதுருவுக்குக் கிடைத்த காட்சியும் தனக்குக் கிடைத்ததும் ஒரே வகை என்பது அவர் நிலை. லூக்காவோ இயேசுவை 40 நாளில் வானத்துக்கு அனுப்பிவிடுகிறார். பவுலுக்கு நடந்தது அதற்குப் பிறகு. அப்போஸ்தலர் என்கிற பட்டத்தையும் பவுலுக்கு 14-ஆம் அதிகாரத்தில் மட்டும்தான் தருகிறார். பவுல் உயிரைக் கொடுத்துக் காத்த பட்டம் அது.

கூடையில் இறங்கியது யாருக்குப் பயந்து?

கடைசியாக ஒரு கூடை. பவுல் தமஸ்குவிலிருந்து மதில் வழியாகக் கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பினார். இதை லூக்காவும் சொல்கிறார், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுலும் சொல்கிறார். அந்தக் காலத்துக் கூடை இரண்டு சாட்சிகளால் உறுதியாகிறது. நல்ல விஷயம்.

ஆனால் கொல்லத் தேடியது யார்? லூக்காவின்படி, யூதர்கள். அவர்கள் இரவும் பகலும் நகர வாசல்களைக் காவல் காத்தார்கள். பவுலின்படி, அரேத்தா ராஜாவின் கீழிருந்த அதிகாரி. யூதர்கள் என்கிற பேச்சே இல்லை.

அரேத்தா யார்? பெத்ராவைத் தலைநகராகக் கொண்ட நபாத்தேய அரசர் நான்காம் அரேத்தா. கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்டவர். பவுல் 'அரேபியா' என்று சொல்வது அவருடைய நாடாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். அங்கே போய் பவுல் ஏதோ சொல்லவோ செய்யவோ போக, அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளாகியிருக்கலாம். இந்தப் பெயரால் நமக்கு இன்னொரு லாபம்: அரேத்தா 40-இல் இறந்ததால், பவுல் தப்பியது அதற்கு முன்னால். அப்படியானால் மனமாற்றம் 30-களின் நடுப்பகுதிக்குள் வந்துவிடுகிறது. பவுலின் வாழ்க்கையில் வெளி வரலாற்றோடு பொருத்திப் பார்க்கக் கிடைக்கிற மிகச் சில ஆணிகளில் இது ஒன்று.

இது ஏதோ நுணுக்கம் பார்க்கிற வேலை என்று நினைக்காதீங்க. ஒரு ராஜாவின் அதிகாரி செய்த காரியம், அடுத்த தலைமுறையில் எழுதிய நூலில் 'யூதர்கள்' செய்ததாக மாறி நிற்கிறது. இந்த மாதிரி வரிகள் பின்னால் நூற்றாண்டு நூற்றாண்டாக ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிராகக் காட்டப்பட்டன. கொலை செய்யத் திரிந்தவர்கள் என்று பெயர் வாங்கிக்கொடுத்தன. முதல் சாட்சி என்ன சொன்னார் என்று திரும்பிப் போய்ப் படிப்பது அதனால்தான் முக்கியம்.

மனமாற்றமா, மதமாற்றமா?

இதோடு சேர்ந்த கேள்வி, பவுல் மதம் மாறினாரா என்பது. அவர் வாழ்ந்தபோது யூத மதத்திலிருந்து பிரிந்த கிறிஸ்தவம் என்று ஒரு தனி மதம் இன்னும் உருவாகவில்லை. தன்னைக் கிறிஸ்தவன் என்று அவர் ஒரு கடிதத்திலும் சொல்லிக்கொள்ளவில்லை. தாயின் வயிற்றிலேயே பிரித்தெடுக்கப்பட்டேன் என்பது எரேமியா, ஏசாயா ஆகிய இஸ்ரவேல் தீர்க்கதரிசிகளின் அழைப்பை நினைவூட்டுகிற பேச்சு. இதைக் காட்டித்தான் சுவீடனில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றிய ஆய்வாளர் கிறிஸ்டர் ஸ்டெண்டால், பவுலுக்கு நடந்ததை மதமாற்றம் என்பதைவிட அழைப்பு என்று சொல்வதே சரி என்று வாதிட்டார். எனக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரியென்று படுகிறது. ஆனால் பிலிப்பியருக்கு எழுதும்போது, முன்பு லாபமாக எண்ணியதெல்லாம் நஷ்டமாகிவிட்டது என்றும் அதே பவுல்தான் சொல்கிறார். அழைப்பு மட்டும் என்றால் இவ்வளவு பெரிய கணக்கு முடிப்பு தேவையில்லை. உள்ளே ஏதோ உடைந்துதான் இருக்கிறது.

பெயர் மாறியதும் அப்போது இல்லை. தமஸ்கு சாலைக்குப் பிறகும் லூக்கா அவரைச் சவுல் என்றே அழைக்கிறார். 13-ஆம் அதிகாரத்தில், சைப்ரஸ் தீவில்தான், பவுல் என்றும் அழைக்கப்பட்ட சவுல் என்று வருகிறது. ஒன்று யூதப் பெயர், இன்னொன்று ரோமப் பெயர். லத்தீனில் பவுலுஸ் என்றால் சின்னவர். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் அவரைச் சின்னப்பர் என்று அழைத்தார்கள்.

அப்ப, அந்தச் சாலையில் என்னதான் நடந்தது? எல்லாச் சாட்சிகளையும் கழித்துப் பார்த்தபின் என் கையில் மிஞ்சுவது இதுதான். 30-களில், தமஸ்குவை ஒட்டி, இயேசு இயக்கத்தைத் துன்புறுத்திய ஒரு பரிசேயர், இயேசுவைத் தான் கண்டதாக உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கை அவரை யூதர் அல்லாதவர்களிடம் அனுப்பியது. இதில் பவுலும் லூக்காவும் ஒத்துப்போகிறார்கள். ஒளி, குரல், செதில், அனனியா எல்லாம் லூக்காவின் பொறுப்பு. விசுவாசிகள் அதை நம்புவதற்கு வரலாறு தடை போடாது. அதை நிரூபிக்கவும் வரலாற்றால் முடியாது.

முரண்பாடு இருப்பதால் எல்லாம் கட்டுக்கதை என்று தள்ளுபவர்களும் உண்டு, முரண்பாடே இல்லை என்று பூசி மெழுகுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கிற சண்டையைத் தவறவிடுகிறார்கள். இந்தப் புதிய கூட்டத்துக்குள் யார் வரலாம், யார் அனுமதி தருவது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது. மூன்று முறை லூக்கா சொன்னதும், சத்தியம் செய்து பவுல் மறுத்ததும் அதற்காகத்தான். புதிய ஏற்பாட்டைத் தொகுத்தவர்கள் இதையெல்லாம் ஒன்றாக்காமல், நூலையும் கடிதத்தையும் அப்படி அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் இன்றைக்கு நாம் உட்கார்ந்து ஒப்பிட முடிகிறது.

நேரம் கிடைத்தால் நீங்களே ஒரு வேலை செய்து பாருங்க. நடபடிகள் 9, 22, 26, கலாத்தியர் முதல் அதிகாரம், நாலையும் ஒரே மூச்சில் படிங்க. அரை மணி நேரம் போதும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.